அடி இறக்கமும் இடுப்புத்தள வலியும்: எதை இறுக்குவது, எதைத் தளர்த்துவது

கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் நம் ஊர்ப் பெண்களுக்கு இரண்டு யோசனைகள் உடனே வந்து சேரும். ஒன்று, "பிள்ளைதான் பெத்தாச்சே, எடுத்துப் போட்டுடு." இன்னொன்று, வாட்ஸ்அப்பில் வரும் கீகல் பயிற்சி வீடியோ, அதாவது அடித்தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி. முதல் யோசனை பலருக்குத் தேவையே இல்லை. இரண்டாவது பலருக்கு நல்லது, ஆனால் சிலருக்கு வலியைக் கூட்டிவிடும். யாருக்கு எது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நடுவில் வேலை வந்தால் போய்விட்டு வந்து படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறக்கம் பெரும்பாலும் பாரத்தைத் தரும், வலியைத் தராது. "கீழே ஏதோ தொங்குகிற மாதிரி இருக்கு" என்பது இறக்கத்தின் பேச்சு. "குத்துது, எரியுது, உட்கார முடியல" என்றால் பெரும்பாலும் தசையைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும், அதற்கும் வழி இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

இடுப்பெலும்புக் கூட்டின் அடிப்பக்கம் திறந்த வாய். அதில் முன்னாலிருக்கும் பூப்பெலும்பிலிருந்து பின்னாலிருக்கும் வால் எலும்புவரை, ஏணை கட்டியதுபோல் ஒரு தசைப்படலம் இருக்கிறது. இதைத்தான் இடுப்புத்தளம் என்கிறோம். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இதன்மேல் இருக்கின்றன, மூன்றின் வாசல்களும் இதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. மேலே தசைநார்கள் இந்த உறுப்புகளைப் பிடித்திருக்கின்றன. கீழே உள்ள தசை கிழிந்தாலோ தொய்ந்தாலோ முழு எடையும் அந்த நார்களின் மேல் விழுகிறது, அவை வருடக்கணக்கில் இழுபட்டு நீளுகின்றன. அப்போது உறுப்புகள் யோனிச் சுவரைத் தள்ளிக்கொண்டு கீழே வருகின்றன.

எது இறங்குகிறது என்பதை வைத்துத் தொந்தரவு மாறும். முன்சுவர் இறங்கினால் அதோடு மூத்திரப்பை வருகிறது, சிறுநீர் முழுசாகப் போகாத உணர்வு. பின்சுவர் இறங்கினால் மலக்குடல் முன்பக்கம் பிதுங்குகிறது, மலம் வாசலில் வந்து நின்றுவிடும். நடுவில் இறங்குவது கர்ப்பப்பை. கர்ப்பப்பையை ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு யோனியின் மேல்முனையே இறங்கலாம், இதை நம்ப மறுப்பவர்கள் நிறைய. எடுத்துவிட்டால் இறங்க எதுவும் இல்லை என்று நினைப்பது தப்புக்கணக்கு, ஏனென்றால் பிடிமானம்தான் போயிருக்கிறது, கர்ப்பப்பை அதனால் இறங்கி வந்தது, அவ்வளவுதான்.

காரணங்களில் முதல் இடம் யோனிவழிப் பிரசவத்துக்கு. நீண்ட நேரம் முக்கிய பிரசவம், ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், பெரிய தலை, பல பிரசவங்கள் எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். ஆயுதம் போடும்போது தசை எலும்பிலிருந்தே பிய்ந்துவிடுவதும் உண்டு. சிசேரியன் செய்தவர்களுக்கு வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அப்புறம் மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவது, நாள்பட்ட மலச்சிக்கல், விடாத இருமல், உடல் எடை, தலையிலும் இடுப்பிலும் பாரம் சுமக்கும் வேலை. பிறவியிலேயே இணைப்புத்திசு தளர்வாக உள்ள சிலருக்குப் பிள்ளை பெறாமலேயே இறங்கும். மும்பையைச் சேர்ந்த ஷிரோத்கர், புரந்தரே போன்ற மருத்துவர்கள் கர்ப்பப்பையை எடுக்காமல் தூக்கிக் கட்டும் அறுவை முறைகளை உருவாக்கியது இந்த மாதிரி இளம்பெண்களுக்காகத்தான். அவர்கள் பெயரிலேயே அந்த முறைகள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன.

நேபாளத்தில் இது நீதிமன்றம்வரை போனது. பிரசவம் முடிந்த சில நாட்களிலேயே வயலுக்கும் விறகுக்கும் திரும்பும் மலைக்கிராமப் பெண்களிடம் இறக்கம் மிக அதிகம். 2008-ல் அந்த நாட்டின் உச்சநீதிமன்றம், இதைக் கவனிக்காமல் விடுவது பெண்களின் இனப்பெருக்க ஆரோக்கிய உரிமையை மீறுவது என்று தீர்ப்புச் சொன்னது. நம் ஊரிலும் நடவு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் பிள்ளை பெற்ற உடம்போடு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்களுக்கு எது என்று பாருங்கள்

இறக்கம் என்றால் காலையில் பரவாயில்லாமல் இருந்து மாலை ஆக ஆகப் பாரம் கூடும். படுத்தால் குறையும். குளிக்கும்போது கையில் மெத்தென்று ஏதோ தட்டுப்படும். சிறுநீர் முழுசாகப் போக முன்பக்கத்தை விரலால் மேலே தள்ள வேண்டியிருக்கும், அல்லது மலம் கழிக்க யோனிக்குள் விரலை வைத்துப் பின்பக்கம் அழுத்த வேண்டியிருக்கும். இதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்வதில்லை, ஆனால் டாக்டருக்கு மிக உதவும் தகவல் இதுதான். உடலுறவின்போது தளர்வாக உணர்வது, உள்ளாடையில் உரசி வெள்ளைப்படுவது, இடுப்பில் ஒரு மந்தமான இழுப்பு, இவையும் வரலாம்.

தசை இறுக்கம் என்றால் நடை வேறு. உடலுறவின்போதோ பரிசோதனையின்போதோ வாசலிலேயே சுவர்போல் தடுக்கும், எரியும். சிறுநீர் வர நேரமாகும், விட்டுவிட்டு வரும். முடித்த ஐந்து நிமிடத்தில் மறுபடி போகத் தோன்றும். மலம் கழித்த பிறகு ஒரு மணி நேரம் வலி நிற்கும். வால் எலும்பு, தொடையின் உட்பக்கம், பிட்டம் எல்லாம் சேர்ந்து வலிக்கும். சிறுநீர்த்தொற்று என்று நினைத்து மறுபடி மறுபடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டும், கல்ச்சர் பரிசோதனையில் கிருமியே இல்லை என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்குப் பிரச்சினை இந்தத் தசையில்தான் இருக்கும். உட்கார்ந்தால் வலி, நின்றால் குறைவு, ஆனால் டாய்லெட் சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் வலிக்கவில்லை என்றால் அந்தப் பகுதியின் புடெண்டல் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டும் சேர்வது எப்படி என்றால், கீழே ஏதோ விழுந்துவிடும் என்ற பயத்தில் நாள் முழுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்கிறோம். எட்டு மணி நேரம் கையை முஷ்டி பிடித்து வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அந்தத் தசைக்கும் ஆகிறது. பள்ளிக்கூடத்தில், துணிக்கடையில், காவல் பணியில் கழிப்பறை இல்லாததால் சிறுநீரை அடக்குகிறவர்களுக்கும் இதே கதை. அடிபட்ட தசையும் அடக்கும் தசையும் சேர்ந்து ஒரே நேரத்தில் பலவீனமாகவும் இறுக்கமாகவும் இருக்க முடியும். இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிது.

வீட்டிலேயே ஒருமுறை பார்க்க வேண்டுமென்றால் மாலையில் பாருங்கள், காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையைக் கழுவி, ஒரு காலை ஸ்டூலில் வைத்து, கீழே ஒரு கண்ணாடி பிடித்து இருமிப் பாருங்கள். எது வருகிறது, முன்சுவரா பின்சுவரா, வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்று கவனியுங்கள். பிறகு சுத்தமான ஒரு விரலை உள்ளே வைத்துச் சுவரின் இருபக்கமும் மெதுவாக அழுத்துங்கள். ஏதாவது ஓர் இடத்தில் "ஆ, இந்த வலிதான்" என்று தோன்றினால் அந்த இடத்தை நினைவில் வையுங்கள். தினமும் கண்ணாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அது மனதை அரிக்கும், வேறு பயனில்லை.

அம்மாவுக்காகவோ மாமியாருக்காகவோ படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் சொல்ல மாட்டார்கள். துணியை மடித்து வைத்துக்கொள்வது, பஸ் பயணம் என்றாலே தட்டிக்கழிப்பது, கால்மாற்றி உட்காருவது, டாய்லெட்டில் ரொம்ப நேரம் இருப்பது, இதையெல்லாம் நீங்கள்தான் கவனித்துக் கேட்க வேண்டும்.

தள்ளிப்போடக் கூடாதவை

மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் காட்ட வேண்டும், இறக்கத்தில் புண் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. சிறுநீர் சுத்தமாக நின்றுபோவது, காய்ச்சலோடு அடிவயிற்று வலி, வெளியே வந்த பகுதி உள்ளே போகாமல் வீங்கிக் கறுத்துப்போவது எல்லாம் அன்றே போக வேண்டியவை. அதேபோல் தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்து, கால் பலமிழந்து, சிறுநீர் மலக் கட்டுப்பாடு போனால் அது முதுகுத்தண்டின் அடி நரம்புகள் நெருக்கப்படுவதற்கான அறிகுறி. இரவானாலும் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது

ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இறக்கத்தைக் கண்டுபிடிப்பது கையால் செய்யும் பரிசோதனையில்தான். படுத்த நிலையில் தெரியாவிட்டால் நின்று முக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பாப்-கியூ என்று 1996-லிருந்து உலகம் முழுக்க ஒரே அளவு முறை இருக்கிறது. கன்னிச்சவ்வு இருந்த வளையத்தை எல்லைக்கோடாக வைத்து, அதிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே என்று அளப்பார்கள். எல்லைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளேயே நின்றால் முதல் நிலை. எல்லைக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் இரண்டாவது. அதைத் தாண்டி வெளியே வந்தால் மூன்றாவது. முழுசாக வெளிப்புரண்டால் நான்காவது. "லைட்டா இறங்கியிருக்கு" என்பதோடு திரும்பி வராமல், எந்தச் சுவர், எந்த நிலை என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, நிலை எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிரசவித்த பெண்களைப் பரிசோதித்தால் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஏதோ ஓரளவு இறக்கம் தெரியும், அதில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. தொந்தரவு இல்லாத இறக்கத்துக்கு வைத்தியமும் வேண்டாம்.

வலி இருந்தால் தெளிவாகக் கேளுங்கள்: "தசை இறுக்கமா இருக்கான்னு ஒரு விரல் வைச்சு பாருங்க டாக்டர்." உலோகக் கருவியை நுழைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்த்துவிட்டு முடித்தால் இது தெரியாது. கருவி தசையைத் தாண்டித்தான் போகும். ஒரு விரலால் பக்கவாட்டுத் தசைகளை அழுத்தினால் உங்கள் வலி அப்படியே திரும்ப வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. வலித்தால் நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கவும் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது, உரிய வயதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான பாப் ஸ்மியர் பரிசோதனை, இவற்றையும் அதோடு முடித்துவிடலாம். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), மூத்திரப்பை வலி நோய் போன்றவையும் இதே வலியைத் தரும் என்பதால் தசைதான் என்று நீங்களே முத்திரை குத்தவும் வேண்டாம்.

முதல் வேலை கழிப்பறையில்

கீகலுக்கு முன்னால் இது. தினமும் முக்கிக்கொண்டே இருந்தால் எந்தப் பயிற்சியும் நிற்காது, ஒவ்வொரு முக்கலும் மேலிருந்து கீழே தள்ளுகிறது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன ஸ்டூல் போடுங்கள், முழங்கால் இடுப்பைவிட உயரமாக வரட்டும், முன்னால் குனிந்து முழங்கை ஊன்றுங்கள், வாயைத் திறந்து மூச்சை மெல்ல விடுங்கள். இந்திய முறைக் கழிப்பறையில் மலக்குடலின் கோணம் இயல்பாகவே நேராகும், ஆனால் இறக்கம் உள்ளவர்கள் அங்கேயே குந்தி இருபது நிமிடம் போன் பார்க்கக் கூடாது. பின்சுவர் இறங்கியவர்கள் விரலால் தாங்கிக்கொண்டு மலம் கழிப்பது தவறில்லை, முக்குவதைவிட அது எவ்வளவோ நல்லது.

கீரை, வாழைத்தண்டு, கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை, தண்ணீர், போதாவிட்டால் இசப்கோல். அதுவும் போதாவிட்டால் டாக்டரிடம் கேட்டு மலமிளக்கி. சிறுநீருக்கு, பொதுக்கழிப்பறையில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி போவதைத் தவிருங்கள், தொடையும் இடுப்புத்தளமும் இறுகியிருக்கும்போது பை காலியாகாது. முடிந்ததும் ஒருமுறை எழுந்து உட்கார்ந்து மறுபடி முயன்றால் மிச்சம் வரும்.

இருமலுக்கும் ஆஸ்துமாவுக்கும் வைத்தியம் பாருங்கள். பாரம் தூக்கவே கூடாது என்று சொல்வது சுலபம், தண்ணீர் லாரி வரும் தெருவில் அதைச் சொல்ல முடியாது. எனவே இப்படிச் செய்யுங்கள்: ஒரு குடத்தை நிரப்பாமல் பாதியாக இரண்டு நடை, தூக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் வெளியே விட்டுக்கொண்டு, தூக்குவதற்குச் சற்று முன்னால் கீழ்த்தசையை மேலே இழுத்துக்கொண்டு. நாள் முழுக்க நிற்கும் வேலை என்றால் நடுவில் உட்கார்ந்தே ஆக வேண்டும். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது, அதைச் சொல்லிக் கேட்கலாம். மதியம் கால்மணி நேரம் படுத்து, இடுப்புக்கடியில் தலையணை வைத்தால் மாலைப் பாரம் நிஜமாகவே குறையும்.

இறுக்க வேண்டியவர்களுக்கு

வலி இல்லை, தளர்வும் பாரமும் மட்டும் என்றால் இடுப்புத்தளப் பயிற்சிதான் முதல் வைத்தியம். இதை 1948-ல் எழுதிப் பரப்பியவர் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர், அவர் பெயர்தான் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இறக்கத்துக்கு இது உதவுமா என்று 447 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிசியோதெரபிஸ்ட் ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்லிக்கொடுத்து 16 வாரம் பயிற்சி செய்தவர்களுக்குத் தொந்தரவு தெளிவாகக் குறைந்தது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் முதல் இரண்டு நிலைகளுக்குக் குறைந்தது 16 வாரம் மேற்பார்வையோடு செய்யச் சொல்கிறது. அதாவது பத்து நாள் செய்துவிட்டு "எனக்கு ஒண்ணும் ஆகல" என்று விட்டால் கணக்கில் சேராது. வெளியே முழுசாக வந்துவிட்டதை இது உள்ளே அனுப்பாது என்பதும் உண்மை.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். வாயு வராமல் அடக்குவதுபோல் பின்வாசலை இறுக்கி, அதே இழுப்பை முன்வாசல்வரை கொண்டுவந்து, மொத்தத்தையும் உள்ளுக்குள் மேலே தூக்குங்கள். வயிறு உப்பக் கூடாது, பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் உள்ளே ஒரு விரல் வைத்துப் பாருங்கள், விரலைச் சுற்றி இறுகி உள்ளே இழுக்க வேண்டும். வெளியே தள்ளினால் நீங்கள் முக்குகிறீர்கள், அது எதிர்வேலை. சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகச் சொல்வார்கள். எந்தத் தசை என்று அறிய ஒருமுறை செய்யலாம், பயிற்சியாகச் செய்தால் பை காலியாவது கெட்டுப்போகும்.

ஆரம்பத்தில் மூன்று விநாடி பிடிக்க முடிந்தால் மூன்று. மெல்ல ஆறு, எட்டு, பத்துவரை போங்கள். பிடித்த நேரத்துக்குக் குறையாமல் விட்டு இளைப்பாற வேண்டும், இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு முறை, ஒரு நாளில் மூன்று வேளை. அதோடு சில வேகமான இறுக்கங்கள். படுத்தபடி செய்ய வந்ததும் உட்கார்ந்து, பிறகு நின்று செய்யுங்கள். இருமல், தும்மல், எழுந்திருத்தல் எதற்கும் ஒரு நொடி முன்னால் இறுக்குவதைப் பழக்கமாக்குங்கள், சிறுநீர்க் கசிவுக்கும் இது பலன் தரும். செய்யும்போது வலி வந்தாலோ செய்த அன்று மாலை சிறுநீர் எரிந்தாலோ நிறுத்திவிட்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

தளர்த்த வேண்டியவர்களுக்கு

இங்கே கீகல் கிடையாது, குறைந்தபட்சம் முதலில் கிடையாது. ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும் தசையை இன்னும் சுருக்கினால் வலிதான் கூடும். தளர்த்தி முழு நீளத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பலப்படுத்துவது.

மூச்சிலிருந்து தொடங்குங்கள். மூச்சு உள்ளே போகும்போது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசை இறங்குகிறது, அதோடு இடுப்புத்தளமும் லேசாகக் கீழே இறங்கி விரிகிறது, வெளியே விடும்போது இரண்டும் மேலே ஏறுகின்றன. மார்பிலேயே மூச்சு விட்டு, வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டே வாழ்கிறவர்களுக்கு இந்த அசைவே இல்லாமல் போய்விடுகிறது. படுத்து, முழங்காலுக்கடியில் தலையணை, ஒரு கை வயிற்றில். மூக்கால் மெல்ல இழுங்கள், வயிறும் விலாவும் விரியட்டும், கீழே இரண்டு உட்காரும் எலும்புகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளக் கூடாது, விட வேண்டும். தாடையையும் விடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கீழ்த்தசையைத் தளர்த்த முடியாது. காலையும் இரவும் ஐந்து ஐந்து நிமிடம். முதல் வாரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல்தான் இருக்கும்.

ஆசனங்களில் பாலாசனம் (மண்டியிட்டு முன்னால் குனிவது), ஆனந்த பாலாசனம் (மல்லாந்து பாதங்களைப் பிடிப்பது), சாய்ந்து படுத்த பத்தகோணாசனம் (பாதங்களைச் சேர்த்து முழங்காலை விரிப்பது) மூன்றும் போதும், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ அதே மூச்சோடு. குந்தி உட்காரும் மாலாசனம் இறுக்கத்துக்கு நல்லதுதான், ஆனால் கூடவே இறக்கமும் இருக்கிறவர்களுக்குக் குந்தினால் பாரம் கூடும், அவர்கள் படுத்துச் செய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். இளஞ்சூடான வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருவது வலியைத் தணிக்கும். உட்காரும் நாற்காலியில் வால் எலும்புக்கு இடம்விட்ட குஷன் வைக்கலாம். நாள் முழுக்க ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை "இப்ப இறுக்கிப் பிடிச்சிருக்கேனா?" என்று உங்களையே கேட்டுத் தளர்த்துவதும் ஒரு சிகிச்சைதான்.

இதற்கு மேல் பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட் தேவை. கையுறையோடு ஒரு விரலால் உள்ளே உள்ள முடிச்சுகளை அழுத்தி நீவித் தளர்த்துவார், பயோஃபீட்பேக் கருவியில் தசை எப்போது விடுகிறது என்று திரையில் காட்டுவார், பிறகு வீட்டில் நீங்களே செய்யச் சொல்லிக்கொடுப்பார். சென்னை, கோவை போன்ற பெரிய ஊர்களில் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்க முடியும். சின்ன ஊர் என்றால் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் பிசியோதெரபித் துறையில் கேளுங்கள், ஆன்லைனில் ஆலோசனை தருகிறவர்களும் உண்டு. மூச்சும் ஆசனமும் அப்படியே சொல்லிக்கொடுக்கக்கூடியவைதான்.

உடலுறவில் வலி உள்ளவர்களுக்குச் சிறியதிலிருந்து பெரியதுவரை அளவு வரிசையில் டைலேட்டர்கள் (யோனிக்குள் வைத்துப் பழகும் வழவழப்பான குழல்கள்) இருக்கின்றன, நீர்த்தன்மையுள்ள ஜெல்லோடு, வலி தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே நின்று மூச்சு விட்டுப் பழகுவது முறை. கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் சேர முடியாத தம்பதிகளில் பலருக்குக் காரணம் இந்தத் தசை இறுக்கம்தான். அந்தப் பெண்ணை "ஒத்துழைக்கல" என்று திட்டுவதும், மயக்கம் கொடுத்து வாசலை வெட்டி விரிப்பதும் இதற்கு வைத்தியமல்ல. கணவனிடமும் சேர்த்துத்தான் டாக்டர் பேச வேண்டும். வலிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது தசைக்கு "அடுத்த முறையும் இறுக்கு" என்று கற்றுக்கொடுக்கிறது, அதனால் சிகிச்சை நடக்கும் காலத்தில் உள்நுழைவை நிறுத்தி வைப்பதே நல்லது.

விடாத வலிக்குக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளை டாக்டர் தரலாம். "மனநோய் மாத்திரை கொடுத்துட்டாங்க" என்று பயப்பட வேண்டாம், நரம்புவழி வலியைத் தணிக்க அதே மருந்து வேலை செய்கிறது. எதற்கும் மசியாத இறுக்கத்துக்கு போட்டாக்ஸ் ஊசியும் சில இடங்களில் போடுகிறார்கள். அது கடைசிப் படி.

பெஸரி: கேட்டால்தான் சொல்வார்கள்

அறுவை வேண்டாம், பயிற்சி போதவில்லை, அல்லது உடல்நிலை மயக்க மருந்துக்குத் தாங்காது என்றால் பெஸரி. யோனிக்குள் வைத்து உறுப்புகளைத் தாங்கிப்பிடிக்கும் சிலிக்கான் வளையம், வேறொன்றுமில்லை. பழைய கிரேக்க வைத்தியர்கள் இதே வேலைக்குப் பாதி மாதுளம்பழத்தை வைத்தார்கள், அதைவிட இது சுத்தம். நம் ஊரில் பல டாக்டர்கள் இதை எழுபது வயதுப் பாட்டிக்கு மட்டும் யோசிக்கிறார்கள் என்பது என் வருத்தம். முப்பத்தைந்து வயதில் வேலைக்குப் போகிற, இன்னொரு குழந்தை வேண்டும் என்கிற பெண்ணுக்கும் இது அருமையாகப் பொருந்தும்.

அளவு பார்த்துத்தான் போட வேண்டும், ஆன்லைனில் குத்துமதிப்பாக வாங்கக் கூடாது. போட்ட பிறகு வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். அங்கேயே நடந்து, குந்தி, இருமி, சிறுநீர் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சரியான அளவு என்றால் அது இருப்பதே தெரியாது. உறுத்தினால் பெரிசு, நழுவினால் சிறிசு, முதல்முறை பொருந்தாதது சகஜம். கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டால் வாரத்துக்கு ஒருமுறை இரவில் எடுத்துச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, காலையில் போட்டுக்கொள்ளலாம். வளைய வகையை வைத்தபடியே உடலுறவும் கொள்ளலாம். தானே எடுக்க முடியாதவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போய் மாற்ற வேண்டும். பெரிய இறக்கத்துக்குத் தண்டு வைத்த கெல்ஹார்ன் வகை, அதைத் தானே எடுப்பது கடினம்.

மாதவிடாய் நின்றவர்களுக்குக் கூடவே ஈஸ்ட்ரோஜன் கிரீம் தருவார்கள், அது தோலை மெலியாமல் காக்கும், இறக்கத்தைச் சரிசெய்யாது. லேசான வெள்ளைப்படுதல் இருக்கும். நாற்றமோ ரத்தமோ என்றால் போய்க் காட்டுங்கள். சிலருக்குப் பெஸரி போட்ட பிறகு இருமினால் சிறுநீர் கசியும். மடங்கிக் கிடந்த குழாய் நேரானதால் மறைந்திருந்த கசிவு வெளியே தெரிகிறது, பெஸரியின் குற்றமல்ல. பெரிய ஆபத்து ஒன்றே ஒன்று, மறந்துபோவது. வருடக்கணக்கில் உள்ளேயே விட்ட பெஸரி சுவரை அரித்து மூத்திரப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை போட்டுவிடும். பாட்டிக்குப் போட்டிருந்தால் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி, பேத்தியிடமும் சொல்லி வையுங்கள்.

அறுவை என்றால்

எதை, எதற்காக, எப்படி என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சுவரை மட்டும் தைத்துச் சரிசெய்வது ஒன்று. யோனிவழியாகக் கர்ப்பப்பையை எடுத்து மேல்முனையைப் பின்னாலுள்ள தசைநாரில் கட்டுவது ஒன்று. கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டுவது ஒன்று. நீண்டுபோன கர்ப்பப்பை வாயை வெட்டிச் சுருக்கும் மான்செஸ்டர் முறை ஒன்று. இனி உடலுறவு வேண்டாம் என்று தெளிவாக முடிவெடுத்த மூத்தவர்களுக்கு யோனியையே மூடித் தைக்கும் முறையும் இருக்கிறது. சின்ன அறுவை, சீக்கிரம் தேறலாம், ஆனால் திரும்பப் போக முடியாது.

கேட்க வேண்டியவை: கர்ப்பப்பையை எடுப்பது அவசியமா? எடுத்தால் மேல்முனையை எதில் கட்டுவீர்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். சினைப்பையையும் எடுக்கிறீர்களா, ஏன்? நாற்பது வயதில் அதையும் எடுத்தால் மறுநாளே மெனோபாஸ். உறுப்பைத் தாங்க செயற்கை இழை வலை வைக்கிறீர்களா? யோனிவழியாக வலை வைத்த பெண்கள் பலருக்கு அது அரித்து, தீராத வலி கொடுத்ததால் இங்கிலாந்து 2018-ல் அதை நிறுத்தி வைத்தது, அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2019 ஏப்ரலில் இறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வயிற்றுவழியாக, பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில், முதுகுத்தண்டின் அடியிலுள்ள திருவெலும்பில் கட்டும் வலை வேறு முறை, அது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எந்த அறுவையும் திரும்ப இறங்காது என்று உறுதி தராது. அப்புறம், உங்கள் முக்கியத் தொந்தரவு வலி என்றால் அறுவைக்கு முன் தசையைச் சரிசெய்யச் சொல்லுங்கள். உறுப்பைத் தூக்கிக் கட்டினாலும் இறுகிய தசை இறுகியபடியேதான் இருக்கும், "ஆபரேஷன் பண்ணியும் வலி போகல" என்று வருகிறவர்களில் ஒரு பகுதியினர் இவர்கள்தான். பின்தசைநாரில் கட்டியவர்களுக்குப் பிட்டத்தில் சில வாரம் வலிப்பது சகஜம், அது வேறு.

அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, உடலுறவு கூடாது, மலச்சிக்கல் கூடவே கூடாது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அடுப்படியில் நிற்கிற பெண்களின் வீட்டில் இதை யாராவது ஆண் படித்துவிட்டுக் கியாஸ் சிலிண்டரைத் தூக்கி மாற்றட்டும்.

பிள்ளை பெற்று சில வாரமே ஆனவர்களுக்கு

இப்போது தெரியும் இறக்கத்தை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், முதல் வருடத்துக்குள் திசுக்கள் தேறத் தேற நிறையப் பேருக்குக் குறையும். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதால் வறட்சியும் தளர்வும் கூடுதலாகத் தெரியும். தையல் வலி அடங்கியதும் மெல்லிய இறுக்கங்களைத் தொடங்கலாம். ஆறு வாரப் பரிசோதனையில் குழந்தையின் எடையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால், உங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுக்குத் துணி கட்டும் வழக்கம் உள்ள வீடென்றால் ஆதரவாகக் கட்டலாம், மூச்சு முட்ட இறுக்க வேண்டாம். அழுத்தம் போவதற்குக் கீழ்ப்பக்கம்தான் வழி இருக்கிறது. ஓட்டம், குதிப்பு, ஜிம் எல்லாம் குறைந்தது மூன்று மாதம் கழித்து, அதுவும் பாரமோ கசிவோ இல்லாவிட்டால். தழும்பு இருக்கும் இடத்தில் உடலுறவின்போது வலித்தால் அந்த இடத்தை எண்ணெய் தொட்டு விரலால் மெல்ல நீவலாம், சில வாரம் செய்தும் குறையவில்லையென்றால் டாக்டரிடம் அந்தத் தழும்பையும் பக்கத்துத் தசையையும் சேர்த்துக் காட்டுங்கள்.